மடக்கைச் சமன்பாட்டைத் தீர்க்க எந்த வழி நல்லது?

மட₃(ய²) = 4 என்று ஒரு சமன்பாடு. ய என்பது நாம் தேடும் எண். மட₃ என்பது 3-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை.

இதை இரண்டு வழியில் தீர்க்கலாம். மடக்கையை அடுக்காக மாற்றினால் ய² = 3⁴ = 81. ஆகவே ய = 9 அல்லது ய = −9. அப்படிச் செய்யாமல், அடுக்கு விதிப்படி அந்த 2-ஐ முன்னால் கொண்டுவந்தால் 2 மட₃ ய = 4, அதாவது மட₃ ய = 2, ய = 9. ஒவ்வொரு வரியும் பாடத்தில் படித்த விதிப்படிதான் போகிறது. ஆனாலும் ஒரு வழி இரண்டு விடை தருகிறது, மற்றது ஒன்றுதான் தருகிறது. −9-ஐச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். (−9)² = 81, மட₃ 81 = 4. சரியான தீர்வேதான். இரண்டாவது வழி அதைத் தொலைத்துவிட்டது.

மடக்கைச் சமன்பாட்டுக்கு எந்த வழியைப் பிடிப்பது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் 'எது சீக்கிரம் முடியும்' என்பதை வைத்துத்தான் பதில் சொல்கிறார்கள். நான் வேறொன்றை முதலில் பார்ப்பேன். கணக்கு போகிற போக்கில் இரண்டு விதமான கெடுதல் நடக்கலாம். இல்லாத தீர்வு ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளலாம், அல்லது இருக்கிற தீர்வு ஒன்று காணாமல் போகலாம். ஒட்டிக்கொண்டதைக் கடைசியில் பிரதியிட்டுப் பார்த்துக் கழற்றிவிடலாம். காணாமல் போனதை எந்தச் சரிபார்ப்பும் திருப்பித் தராது, ஏனென்றால் சரிபார்க்கக் கையில் அது இல்லவே இல்லை. ஆகவே கூடுதலாகத் தரும் வழி, குறைவாகத் தரும் வழி என்று இரண்டு முன்னால் நின்றால், நான் கூடுதலாகத் தருவதைத்தான் எடுப்பேன். இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோடப்போகிறேன்.

அதற்கு முன் நினைவில் இருக்கவேண்டியது ஒன்றே ஒன்று. மட₂ 32 = 5 என்றால் 2⁵ = 32 என்று பொருள். மடக்கை என்பது ஓர் அடுக்கு, அவ்வளவுதான். அடிமானம் மிகை எண்ணாக இருக்கவேண்டும், 1 ஆக இருக்கக்கூடாது. மிகை எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் வரும் என்பதால், மடக்கைக்கு உள்ளே இருப்பதும் மிகையாகத்தான் இருக்கவேண்டும். பூச்சியத்துக்கும் குறை எண்ணுக்கும் மெய்யெண்களில் மடக்கை கிடையாது. சிக்கல் எல்லாம் இந்த நிபந்தனையில் இருந்துதான் கிளம்புகிறது.

அடுக்காக மாற்றுவது

ஒரு பக்கம் ஒரே ஒரு மடக்கை, மறுபக்கம் வெறும் எண் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அடுக்காக மாற்றிவிடுங்கள்.

மட₂(3ய − 4) = 5
3ய − 4 = 32
ய = 12

இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே இருக்கும் கோவை 2⁵-க்குச் சமம் என்று நாமே எழுதிவிட்டோம். 2⁵ மிகை எண். ஆகவே உள்ளே இருப்பது தானாகவே மிகையாகிவிடுகிறது. இங்கே பொய்த் தீர்வு வரவே வராது, உண்மைத் தீர்வு போகவும் போகாது. சரிபார்ப்பது கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே உதவும்.

இதிலேயே இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். மட₄(6 − 5ய) = 2 என்பதைத் தீர்த்தால் 6 − 5ய = 16, ய = −2. 'மடக்கையில் குறை எண் கூடாது' என்று அரைகுறையாக மனப்பாடம் செய்தவர்கள் இந்த −2-ஐ உடனே அடித்துவிடுவார்கள். கூடாதது ய குறையாக இருப்பது அல்ல. உள்ளே இருக்கும் கோவை குறையாக இருப்பதுதான் கூடாது. ய = −2 என்றால் உள்ளே 6 + 10 = 16. நன்றாக இருக்கிறது, விடை −2 தான். தீர்வைத் தொலைக்கும் வழிகளில் மிகச் சாதாரணமானது இதுதான்.

தெரியாத எண் அடிமானத்தில் உட்கார்ந்திருந்தாலும் இதே வழிதான். 49-இன் மடக்கை, ய அடிமானத்தில், 2 என்றால் ய² = 49. ய = 7 அல்லது −7. அடிமானம் மிகையாக இருக்கவேண்டும் என்பதால் −7 போய்விடுகிறது. இங்கே மட்டும் நிபந்தனையைத் தனியாகப் பார்த்தாகவேண்டும்.

சேர்ப்பதா, பிரிப்பதா

ஒன்றுக்கு மேற்பட்ட மடக்கைகள் வந்ததும் பெருக்கல் விதி, வகுத்தல் விதி, அடுக்கு விதி மூன்றும் வேலைக்கு வருகின்றன. இவை ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் ஓட்டலாம். மட அ + மட ஆ என்பதை மட(அ × ஆ) என்று சேர்க்கலாம், மட(அ × ஆ) என்பதை இரண்டாகப் பிரிக்கவும் செய்யலாம். ஒரே விதிதானே, எந்தப் பக்கம் போனால் என்ன என்று தோன்றும். சமன்பாட்டில் தெரியாத எண் இருக்கும்போது இரண்டு திசையும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

முதலில் சேர்ப்பது:

மட₂ ய + மட₂(ய − 6) = 4
மட₂(ய(ய − 6)) = 4
ய² − 6ய = 16
(ய − 8)(ய + 2) = 0

ய = 8, ய = −2 என்று இரண்டு. 8-ஐப் போட்டால் மட₂ 8 + மட₂ 2 = 3 + 1 = 4, சரி. −2-ஐப் போட்டால் முதல் மடக்கையே நின்றுவிடுகிறது. −2 எப்படி உள்ளே வந்தது? பிரிந்திருந்தபோது ய, ய − 6 இரண்டும் தனித்தனியே மிகையாக இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. சேர்த்ததும் பெருக்கல்பலன் மிகையானால் போதும் என்று ஆகிவிட்டது. −2 × −8 = 16 என்று இரண்டு குறை எண்கள் சேர்ந்து மிகை எண்ணாகி உள்ளே வந்துவிட்டன. சேர்த்தால் கட்டுப்பாடு தளர்கிறது, தீர்வு கூடலாம். குறையாது.

இப்போது பிரிப்பது. மட₂(ய² − 1) = 3 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்காக மாற்றினால் ய² = 9, ய = 3 அல்லது −3, இரண்டுமே சரியான தீர்வுகள். ஆனால் ய² − 1 என்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. (ய − 1)(ய + 1) என்று காரணிப்படுத்தி, மட₂(ய − 1) + மட₂(ய + 1) = 3 என்று எழுதிவிட்டால், அந்த வரியை எழுதிய கணத்திலேயே ய > 1 என்ற புதுக் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. −3 போயிற்று. முடிவில் 3-ஐ மட்டும் வைத்துக்கொண்டு சரிபார்த்தால் அது சரியாகவே வரும், நாமும் திருப்தியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

முதலில் பார்த்த மட₃(ய²) = 4 என்பதும் இதே கதைதான். இரட்டைப்படை அடுக்கை முன்னால் இழுப்பது பிரிப்பதற்குச் சமம். இழுத்தே ஆகவேண்டும் என்றால் 2 மட₃|ய| = 4 என்று மட்டுக்குறி (குறையானாலும் மிகையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் குறி) போட்டு இழுக்கவேண்டும். அப்போது |ய| = 9 என்று வந்து இரண்டு தீர்வும் தங்கும். ஒற்றைப்படை அடுக்கில் இந்த ஆபத்து இல்லை. ய³ மிகையானால் ய-யும் மிகைதான் என்பதால் மட(ய³) = 3 மட ய என்று தாராளமாக எழுதலாம்.

பிரிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வரலாறு கொஞ்சம் உதவுகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டது சமன்பாடு தீர்ப்பதற்காக அல்ல. வானியலிலும் முக்கோணவியலிலும் வரும் நீண்ட பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றுவதுதான் அவர் நோக்கம். மறுவருடமே ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் எடின்பரோவுக்குப் போய் அவரைச் சந்தித்தார். 10-ஐ அடிமானமாகக் கொண்ட வசதியான மடக்கை அட்டவணையைப் பிறகு பிரிக்ஸ் வெளியிட்டார், 1 முதல் 1000 வரை உள்ள எண்களுக்கு, 1617-இல். அந்த அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குப் பிரிப்பதுதான் முழு வேலையும். பெருக்கவேண்டிய எண்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் மடக்கையையும் பார்த்து, கூட்டி, எதிர் மடக்கை எடுப்பார்கள். அவர்கள் கையில் இருந்தவை எல்லாம் தெரிந்த மிகை எண்கள், அதனால் பிரித்ததில் எதுவும் தொலையவில்லை. சமன்பாட்டில் இருக்கும் ய மிகையா குறையா என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் அட்டவணைக் காலத்து நல்ல பழக்கம் இங்கே பொறியாகிவிடுகிறது.

ஆகவே இந்தத் தேர்வில் என் முடிவு திட்டவட்டமானது. ய இருக்கும் கோவைகளைச் சேருங்கள், பிரிக்காதீர்கள். எண்களை மட்டும் கொண்ட மடக்கையானால் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

சேர்க்கும்போது வரும் ஒரு பழைய பிழையையும் சொல்லிவிடுகிறேன். மட(அ + ஆ) என்பது மட அ + மட ஆ ஆகாது. மட₂(4 + 4) = 3, மட₂ 4 + மட₂ 4 = 4. இது எல்லோரும் கேட்டதுதான். ஆனால் விதி சந்தேகமாக இருந்தால் சிறிய எண்ணைப் போட்டுச் சோதிக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 2-ஐயும் 2-ஐயும் போட்டால் மட₂(2 + 2) = 2, மட₂ 2 + மட₂ 2 = 2 என்று பொருந்திவிடும். 2 + 2, 2 × 2 இரண்டும் 4 என்பதால் வந்த தற்செயல் அது. மட 16 ÷ மட 4 என்பதை மட(16 ÷ 4) என்று நினைப்பவர்களுக்கும் இரண்டடிமானத்தில் 2 = 2 என்று பொய்யாகப் பொருந்தும். 3, 5 மாதிரி எண்களைப் போட்டுச் சோதியுங்கள்.

இரு பக்கமும் மடக்கை இருந்தால்

மட₃(ய² − 10) = மட₃(3ய) என்பது போல இரு பக்கமும் ஒரே அடிமானத்தில் ஒவ்வொரு மடக்கை இருந்தால், மடக்கையை நீக்கிவிட்டு உள்ளே இருப்பவற்றைச் சமப்படுத்தலாம். வேறு வேறு எண்களுக்கு வேறு வேறு மடக்கை என்பதால் இது செல்லும். ய² − 3ய − 10 = 0, அதாவது (ய − 5)(ய + 2) = 0. ய = 5 என்றால் இரு பக்கமும் மட₃ 15. ய = −2 என்றால் இரு பக்கமும் −6-இன் மடக்கை, அப்படி ஒன்று கிடையாது. விடை 5.

இங்கே உழைப்பை மிச்சப்படுத்தும் ஒரு சங்கதி இருக்கிறது. இரண்டு கோவைகளையும் சமம் என்று எழுதிய பிறகு, ஒன்று மிகையானால் மற்றதும் மிகைதான். ஆகவே இரண்டையும் சோதிக்கவேண்டியதில்லை, எளிதான ஒன்றைச் சோதித்தால் போதும். மேலே ய² − 10-ஐத் தொடாமல் 3ய > 0 என்று மட்டும் பார்த்தாலே −2 விழுந்துவிடும்.

எல்லாத் தீர்வும் விழுந்துபோவதும் உண்டு. மட(ய − 5) = மட(2ய − 3) என்பதில் ய = −2 என்ற ஒரே விடை வருகிறது, அதைப் போட்டால் இரு பக்கமும் −7. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. அப்படி எழுதக் கூச்சப்படவேண்டாம், 'தீர்வு இல்லை' என்பது முழுமையான விடை.

இந்த வழியை அடுக்காக மாற்றும் வழியோடு ஒப்பிட்டால் எது மேல்? உண்மையில் இரண்டும் ஒன்றுதான். மறுபக்கத்தில் வெறும் எண் இருந்தால் அதையும் மடக்கையாக எழுதி இந்த வழிக்கு வரலாம். உதாரணத்துக்கு 4 என்பதை மட₂ 16 என்று எழுதலாம். சிலர் எல்லாவற்றையும் இப்படி மடக்கையாக்கியே தீர்ப்பார்கள். தவறில்லை, ஆனால் ஒரு வரி கூடுகிறது, அடிமானத்தை மாற்றிப் போட்டுப் பிழை விட ஓர் இடமும் கூடுகிறது. மறுபக்கம் எண் இருந்தால் அடுக்கு, மடக்கை இருந்தால் நீக்கல் என்று வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்தது.

நிபந்தனை முதலிலா, சரிபார்ப்பு கடைசியிலா

பொய்த் தீர்வை வெளியேற்ற இரண்டு முறை உண்டு. தொடங்கும்போதே ஒவ்வொரு மடக்கைக்கும் 'உள்ளே இருப்பது > 0' என்று எழுதி, ய எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று முடிவு செய்துவிடுவது ஒன்று. கடைசியில் கிடைத்த எண்களை மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. ஆசிரியர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு.

முதல் முறையின் பலம் தெரிய ஒரு கணக்கு:

மட₂(ய − 7) + மட₂(3 − ய) = 1

நேராகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் (ய − 7)(3 − ய) = 2, அதாவது ய² − 10ய + 23 = 0. தீர்வு 5 + √2, 5 − √2. இனி அந்த வர்க்கமூலங்களைப் போட்டு உள்ளே மிகையா குறையா என்று பார்க்கவேண்டும். பார்த்தால் இரண்டுமே தோற்கும். ஆனால் நிபந்தனையை முதலில் எழுதியிருந்தால்? முதல் மடக்கைக்கு ய > 7 வேண்டும், இரண்டாவதுக்கு ய < 3 வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது. ஒரே வரியில் கணக்கு முடிந்தது.

மறுபுறம், உள்ளே இருப்பது முப்படிக் கோவை என்றால் அதன் அசமன்பாட்டைத் தீர்ப்பது மூலச் சமன்பாட்டைத் தீர்ப்பதைவிடக் கடினம். கிடைத்த ஒன்றிரண்டு எண்களைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும் என்னும்போது, அங்கே முன்கூட்டி நிபந்தனை தீர்ப்பது வீண் வேலை.

உள்ளே ஒருபடிக் கோவைகள் மட்டும் இருந்தால் நிபந்தனையை முதலில் எழுதுங்கள், மற்றபடி கடைசியில் சரிபாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். கடைசியில் சரிபார்க்கும்போது மடக்கையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உள்ளே இருப்பதன் குறியைப் பார்த்தால் போதும். இயற்கணிதத்தில் பிழை இல்லை என்றால் மீதி தானாகப் பொருந்தும். தேர்வில் நேரம் இருந்தால் முழுவதும் போட்டுப் பார்ப்பது நல்லதுதான், கணக்குப் பிழையும் அதில் பிடிபடும். இன்னொன்று, சரிபார்ப்பை எப்போதும் முதல் வரியில்தான் செய்யவேண்டும். நடுவில் சேர்த்து எழுதிய வரியில் போட்டுப் பார்த்தால் −2 போன்றவை அங்கே அழகாகப் பொருந்தும்.

பிரதியிடலும் அடிமான மாற்றமும்

ஒரே மடக்கை வர்க்கமாகவும் தனியாகவும் வந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பதுதான் வழி.

(மட₂ ய)² − 5 மட₂ ய + 6 = 0

மட₂ ய = ப என்று வைத்தால் ப² − 5ப + 6 = 0. ப = 2, 3. ஆகவே ய = 4, 8. ப எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம், பூச்சியமோ குறையோ கூட. நிபந்தனை ய-க்குத்தான், ப-க்கு இல்லை. ப = −1 என்று வந்தால் ய = ½ என்று நல்ல விடையே கிடைக்கும். (மட₂ ய)² என்பதை மட₂(ய²) என்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் இந்த வழி மிகப் பாதுகாப்பானது.

தீர்வு தொலையும் இடம் இங்கேயும் ஒன்று உண்டு. (மட₂ ய)² = 3 மட₂ ய என்றால், இரு பக்கமும் மட₂ ய-ஆல் வகுத்து மட₂ ய = 3, ய = 8 என்று முடித்துவிடத் தோன்றும். வகுத்தது பூச்சியமாக இருந்திருந்தால்? மட₂ ய = 0 என்றால் ய = 1, அதுவும் தீர்வு. வகுக்காமல் ஒரு பக்கம் கொண்டுவந்து ப(ப − 3) = 0 என்று காரணிப்படுத்தினால் இரண்டும் கிடைக்கும்.

அடிமானங்கள் வேறு வேறாக இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றுக்கு மாற்றவேண்டும். எதற்கு மாற்றுவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. மட₂ ய + மட₈ ய = 4 என்பதைப் பாருங்கள். கால்குலேட்டர் பழக்கத்தில் 10-க்கு மாற்றினால் 0.3010, 0.9031 என்ற தசமங்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் 8-க்கு மிக அருகில் ஓர் எண்ணில் நிற்பீர்கள். 8 = 2³ என்பதைக் கவனித்து 2-க்கு மாற்றினால் மட₈ ய = ⅓ மட₂ ய. மட₂ ய = ப என்று வைக்க, ப + ப/3 = 4, ப = 3, ய = 8. ஒரே எண்ணின் அடுக்குகளாக எழுத முடிகிற அடிமானங்கள் வந்தால் அந்த எண்ணுக்குத்தான் மாற்றவேண்டும். 10-ஐயும் இயல் மடக்கையையும் (ஏறக்குறைய 2.718 என்ற எண்ணை அடிமானமாகக் கொண்டது) வேறு வழி இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள்.

ய-ஐயே அடிமானமாக மாற்றுவது என்று ஒரு தலைகீழ் வழியும் உண்டு. மட₂ ய என்பதை '1 ÷ (ய அடிமானத்தில் 2-இன் மடக்கை)' என்று எழுதலாம். கேட்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். மட₂ ய = மட₄ ய என்ற சிறிய சமன்பாட்டில் இதைச் செய்து பாருங்கள். இரண்டு பக்கத்தையும் தலைகீழாக்கினால், ய அடிமானத்தில் 2-இன் மடக்கையும் 4-இன் மடக்கையும் சமம் என்று வரும். அதாவது 2 = 4. தீர்வு இல்லை என்று முடிவு கட்டுவோம். ஆனால் 2-க்கு மாற்றினால் ப = ப/2, ப = 0, ய = 1. இருந்த ஒரே தீர்வையும் தலைகீழ் வழி விழுங்கிவிட்டது, ஏனென்றால் 1 அடிமானமாக இருக்க முடியாது. சமன்பாட்டிலேயே ய அடிமானமாக வந்திருந்தால் எதிர்த்திசையில் மாற்றி ய-ஐ உள்ளே கொண்டுவாருங்கள், அதில் எதுவும் தொலையாது.

ய மேலே அடுக்கில் இருந்தால்

இது மடக்கைச் சமன்பாட்டின் மறுபக்கம். ^ என்ற குறியை அடுக்குக்கு வைத்துக்கொள்வோம். 2^(3ய) = 4^(ய + 5) என்றால் மடக்கையே தேவையில்லை. 4 = 2² என்பதால் 3ய = 2ய + 10, ய = 10. பொது அடிமானம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. தெரியவில்லை என்றால் இரு பக்கமும் மடக்கை எடுக்கவேண்டியதுதான். 3^ய = 20 என்றால், 10 அடிமானத்தில் எடுக்க, ய = மட 20 ÷ மட 3 = 1.3010 ÷ 0.4771, ஏறக்குறைய 2.727. அதேபோல 5^ய = 2^(ய + 1) என்றால் ய மட 5 = (ய + 1) மட 2. ய-களை ஒரு பக்கம் சேர்த்தால் ய = மட 2 ÷ (மட 5 − மட 2), ஏறக்குறைய 0.756. இரு பக்கமும் மிகை எண்களாகவே இருப்பதால் இங்கே மடக்கை எடுப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

எந்த அடிமானத்தில் எடுத்தாலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கலந்துவிடக்கூடாது. சாதாரண அறிவியல் கால்குலேட்டரில் 'லாக்' பொத்தான் 10-அடிமானம், 'எல்என்' பொத்தான் இயல் மடக்கை. கணினியில் இந்த வழக்கம் மாறும். எக்செல் விரிதாளில் வெறும் 'லாக்' என்றால் 10-அடிமானம், பைத்தான் மொழியின் கணிதத் தொகுப்பில் வெறும் 'லாக்' என்றால் இயல் மடக்கை. 100-ஐக் கொடுத்துப் பாருங்கள். 2 வந்தால் பத்தடிமானம், 4.605 வந்தால் இயல் மடக்கை.

இயற்கணிதம் எட்டாத இடம்

மட₂ ய = 3 − ய. பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ய மடக்கைக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால், மேலே சொன்ன எந்த வழியும் இதைத் தீர்க்காது. அடுக்காக மாற்றினால் ய = 2^(3 − ய), அங்கேயும் அதே சிக்கல். இதை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொண்டால் பக்கம் பக்கமாக எழுதி வீணாக்கவேண்டாம். வரைபடம் போடுங்கள், அல்லது சிறிய எண்களைப் போட்டுப் பாருங்கள். ய = 2 என்றால் இரு பக்கமும் 1. வேறு தீர்வு உண்டா? ய கூடும்போது இடப்பக்கம் ஏறுகிறது, வலப்பக்கம் இறங்குகிறது. ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒரு முறைக்கு மேல் வெட்டிக்கொள்ளாது. ஆகவே 2 மட்டும்தான்.

அந்த வாதம் இல்லாமல் ஓர் எண் கிடைத்ததும் நிறுத்திவிடக்கூடாது. மட₂ ய = ய − 1 என்பதில் ய = 1 பொருந்துகிறது, ஆனால் ய = 2-உம் பொருந்துகிறது. இங்கே இரு பக்கமும் ஏறுகின்றன. மடக்கையின் வரைபடம் ஏறிக்கொண்டே இருந்தாலும் ஏறும் வேகம் போகப்போகத் தணிவதால், ஒரு நேர்கோடு அதை அதிகபட்சம் இரண்டு இடத்தில் வெட்டலாம். இரண்டும் கிடைத்துவிட்டதால் அங்கே நிறுத்தலாம்.

முழு எண் எதுவும் பொருந்தாவிட்டால் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகவேண்டும். மட₁₀ ய = 2 − ய என்பதில் ய = 1.75 என்றால் இடப்பக்கம் 0.2430, வலப்பக்கம் 0.25. இடப்பக்கம் குறைவு. ய = 1.76 என்றால் 0.2455, 0.24. இப்போது இடப்பக்கம் அதிகம். தீர்வு இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. 1.755-ஐப் போட்டால் 0.2443, 0.245, இன்னும் இடப்பக்கம்தான் குறைவு. 1.756-இல் 0.2445, 0.244 என்று மாறிவிடுகிறது. மூன்று தசமம் தேவைப்பட்டால் நடுவில் 1.7555-ஐ இன்னொரு முறை போடவேண்டும். இரண்டு தசமம் போதும் என்றால் ய = 1.76.